இரண்டு பேர் உட்கார்ந்தால் வரும் சத்தம்

"பைபாஸ் தாண்டிட்டாங்களாம் மேடம், இப்ப வந்திருவாங்க" என்று சொல்லிவிட்டு கோமதிநாயகம் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். மதுரையிலிருந்து வருகிற கம்பெனி இன்ஜினியர் காலையிலிருந்து பைபாஸைத் தாண்டிக்கொண்டேயிருக்கிறார். கோமதிநாயகம் நல்ல பையன்தான். சட்டையில் பெயர் குத்தியிருக்கிறான், அதற்குக் கீழே சர்வீஸ் அட்வைசர் என்று இருக்கிறது, ஆனால் இத்தனை மாதத்தில் அவன் எனக்குச் சொன்ன ஒரே அட்வைஸ் இன்னும் கொஞ்சம் உட்காருங்க மேடம் என்பதுதான். உட்கார்ந்திருக்கிறேன். ரெக்சின் சோபா புடவையை ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. புது டயர் வாசனை தொண்டை வரைக்கும் வருகிறது. காபி மெஷினில் பால் இல்லை என்று ஒட்டிய தாள் போன முறை வந்தபோதும் இருந்தது, அதற்கு முந்தின முறையும். எதிரே டிவியில் அந்த விளம்பரம், சத்தமே இல்லாமல், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. மலைப்பாதை, பனி, அவன் ஓட்டுகிறான், அவள் பின்னால் கைகளை விரித்து உட்கார்ந்திருக்கிறாள். பை இல்லை, பிள்ளை இல்லை, மாற்றுத்துணி எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அவன் பாதி திரும்பி ஏதோ சொல்கிறான், அவள் சிரிக்கிறாள், அவளுக்கு அவன் சொன்னது முழுதாகக் கேட்டுவிட்ட மாதிரி. அது பொய். பாதிச் சொல்லைக் காற்று கொண்டுபோய்விடும். எனக்குத் தெரியும். நான் ஒருதடவை போயிருக்கிறேன்.

ஒரே ஒருதடவை. என் வீட்டுக்காரர் கஸ்பாருக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை, மோட்டார்மேன், ஏறினால் ஒன்பது மாதம், சமயத்தில் அதற்கும் மேலே. இறங்கி வந்தால் வீடு நிறைந்துவிடும். அவர் அம்மா, என் மாமி, இருக்கிறாள், மாடியில் நாத்தனார் குடும்பம், தெருவில் பாதி சொந்தம், வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும், எந்த நேரமும் யாராவது எந்த ஊரு எந்தத் துறைமுகம் என்று கேட்டபடி இருப்பார்கள், நான் அடுக்களையிலிருந்து டீ கொடுத்துவிட்டபடி இருப்பேன். ராத்திரியானால் மெர்லின் எங்களுக்கு நடுவில் படுத்து அப்பா கையைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள், பிள்ளையைக் குறை சொல்ல முடியுமா, அவளுக்கும் அந்தக் கை வருஷத்துக்கு ஒருதடவைதான். அவள் தலைக்கு மேலே நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம், அப்புறம் விளக்கை அணைத்துவிடுவோம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அதில் நாங்கள் தனியாகப் பேசியதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் அடக்கிவிடலாம். போன தடவை வந்ததுமே வண்டி எடுக்கப்போகிறேன் என்றார். "காரா எடுய்யா, குடும்பத்தோட போலாம்லா" என்று மாமி சொன்னாள், நாத்தனாரும் சொன்னாள். "இல்லம்மா, பைக்குதான்" என்றார், அவ்வளவுதான். காரில் எல்லோரும் ஏறலாம். பைக்கில் இரண்டு பேர்தான். அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இதே ஷோரூமில், அதோ அந்த இடத்தில், அட்டையில் செய்த பெரிய சாவியை இருவர் கையிலும் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள், அட்டைக்குப் பின்னால் அவர் விரல் என் விரலை அழுத்தியது, போட்டோவில் நான் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பேன்.

மறுநாள் மணப்பாட்டுச் சிலுவைக் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறோம் என்று கிளம்பினோம். மெர்லின் பள்ளிக்கூடத்தில் இருந்தாள், மாமி முட்டு வலி என்று வரவில்லை, வரவில்லை என்று அவள் சொன்னபோது எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்ததை முகத்தில் காட்டாமலிருக்கச் செருப்பைத் தேடினேன். சுடிதார் போட்டுக்கொண்டேன், இரண்டு பக்கமும் கால்போட்டு உட்கார்ந்தேன், தெரு முனை தாண்டும்வரை பின்கம்பியைப் பிடித்திருந்தேன், அப்புறம் அவரைப் பிடித்தேன். முத்தையாபுரம் தாண்டியது, முள்ளக்காடு தாண்டியது, இரண்டு பக்கமும் உப்பளம், வெயிலில் கண் கூசியது, அவர் முதுகில் சோப்பு வாசனையும் புதுச்சட்டைக் கஞ்சி வாசனையும். அவர் பேச ஆரம்பித்தார். வீட்டில் இப்படிப் பேசி நான் பார்த்ததேயில்லை. கண்ணுக்கு எதிரே யாரும் இல்லாததால்தானோ என்னவோ, ரோட்டைப் பார்த்துக்கொண்டே தோளுக்கு மேலே பேசினார், பாதி எனக்கு வந்தது, பாதி உப்பளத்துக்குப் போனது. இன்ஜின் ரூம் சூட்டைச் சொன்னார், கூட வேலைபார்த்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் மனைவி செத்ததை நடுக்கடலில் கேட்டுவிட்டு மறுநாள் வாட்ச் டூட்டிக்கு வந்து நின்றதைச் சொன்னார். ஒரு உப்பு லாரிக்கு வழி விட்டார். அப்புறம் குரல் வேறு மாதிரி ஆனது. "ஜெனோ, இந்தத் தடவை கப்பலுக்கு நான்" என்றார். டொக். அடியிலிருந்து, எனக்குக் கீழே, யாரோ கதவைத் தட்டின மாதிரி. "இரு, ஒரு சத்தம் கேட்டியா?" என்றார். மறுபடி டொக். வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார், சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார், என்னை இறங்கச் சொன்னார், ஏறச் சொன்னார். பழைய காயலைக்கூடத் தாண்டவில்லை. திரும்பிவிட்டோம்.

இந்தத் தடவை கப்பலுக்கு நான். நான் மூன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறவள். வாக்கியத்தை முடி என்று பலகையில் பாதி எழுதிப்போட்டால் பிள்ளைகள் மீதியை எழுதுவார்கள், ஒன்று ஒரு மாதிரி எழுதும், இன்னொன்று தலைகீழாக எழுதும், இரண்டும் சரியாக இருக்கும், இரண்டுக்கும் மார்க் போடுவேன். நம் பேச்சில் எல்லாமே கடைசியில்தான் இருக்கிறது. கப்பலுக்கு நான் போகப்போறதில்ல. கப்பலுக்கு நான் போனா வர ரொம்ப நாளாகும். கப்பலுக்கு நான் எப்படிப் போவேன்னு தெரியல. கப்பலுக்கு நான் போறதுக்கு முன்னால வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சிரணும். கடைசியில் சொன்ன மாதிரிகூட இருக்கலாம், அப்படிப்பட்டவர்தான். ஆனால் அந்தக் குரல் பெயிண்டுக்கு வருகிற குரல் இல்லை. அடுப்பில் பால் பொங்கும்போது முடிப்பேன், வகுப்பில் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது ஜன்னலோரம் நின்று முடிப்பேன், ஒவ்வொரு தடவையும் அந்த டொக் வந்து அழித்துவிடும், திரும்ப முதலிலிருந்து.

அதற்குப் பிறகு அவர் லீவு முழுக்க இங்கேதான் போனது. காலையில் வண்டியைக் கொண்டுவந்து விடுவார், சாயந்திரம் பஸ்ஸில் வருவார், இரண்டு நாள் கழித்து ஒரு பிரச்சினையும் இல்லை என்று கொடுப்பார்கள். தனியாக ஓட்டிப் பார்ப்பார், சத்தம் இருக்காது. நாத்தனார் வீட்டுக்காரரைப் பின்னால் உட்காரவைத்துப் போவார், உப்பளம் வந்ததும் டொக். ரெண்டு பேரு உக்காந்தாத்தான் வருது என்று அவர் சொல்ல, நாங்க ஓட்டிப் பாத்துட்டோம் சார் நார்மல் சவுண்டுதான் என்று இவர்கள் சொல்ல, புது வண்டில்லா சார், ஓட ஓடச் சரியாயிரும் என்று இன்னொருவர் சொல்ல, மறுபடி வண்டி உள்ளே. அவருக்கு அது விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாத விஷயம். ராத்திரி இன்ஜின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் தூக்கத்தில் எழுந்துவிடுகிறவர், ஊரில் இருக்கும்போது மிக்ஸி ஓடினால்கூடத் தலையைச் சாய்ப்பார். ஒருநாள் மத்தியானம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், சத்தம் வந்தா வந்துட்டுப் போகுது, நம்ம பாட்டுக்கு ஒருநாள் மணப்பாடு போயிட்டு வந்திருவோமே என்று. அவர் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பின்சக்கரத்தைத் தாங்குத கையில ஏதோ விட்டிருக்கு ஜெனோ. ஒடிஞ்சா பின்னால உக்காந்திருக்கது நீ." என்னை ஏற்றமாட்டேன் என்று அதைவிட ஆசையாக ஒருத்தர் சொல்ல முடியாது, ஆனால் ஏற்றவில்லையே. கப்பலேறக் கிளம்பிச் சென்னை ரயிலுக்கு நின்றபோது ஒருவழியாகக் கேட்டும்விட்டேன், அன்னைக்கு வண்டியில வரும்போது என்னமோ சொல்ல வந்தீங்களே என்று. மாமி ஒரு பக்கம், மெர்லின் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு. "என்ன சொன்னேன்? ஞாபகம் இல்லையே" என்றார், சொல்லிவிட்டுப் பெட்டிப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார், பூட்டு சரியாகத்தான் இருந்தது.

வண்டி இந்த ஷோரூமிலேயே கிடந்தது, அப்புறம் நான் ஆரம்பித்தேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஆனால் விடவும் தெரியவில்லை. கம்பெனியின் இலவச எண்ணில் தமிழுக்கு ஒன்றை அழுத்தினால் உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் குரல், அப்புறம் வயலின், வயலின் முடிகிற இடத்தில் யாரோ எடுக்கப்போகிறார்கள் என்று மூச்சைப் பிடித்தால் மறுபடி வயலின். எடுத்தால் "வண்டி உரிமையாளர்தான் மேடம் பேசணும்." உரிமையாளர் கடல்ல இருக்காருங்க. "எப்ப லைனுக்கு வருவாரு மேடம்?" அதைத்தான் நானும் கேட்கிறேன் தாயி என்று சொல்ல வாய் வரை வந்தது. பிறகு அவர் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து என் மனைவி பேசலாம் என்று எழுதி அனுப்பினார், அந்த மெயிலில் என் பெயரை முழுதாக ஜெனோவா கஸ்பார் என்று எழுதியிருந்தார், அதை நான் தேவையில்லாமல் பலதடவை திறந்து பார்த்தேன். ஒருநாள் வகுப்பில் இருக்கும்போது குறுஞ்செய்தி, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, நன்றி. யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள். அன்றைக்கு ஒரு பையனைக் காரணமில்லாமல் அதட்டிவிட்டேன். மறுபடி ஒன்றை அழுத்தினேன். மாமிக்கு எரிச்சல், "ஓட்ட ஆளில்லாத வண்டிக்கு எதுக்கு இந்தப் பாடு, கெடந்துட்டுப் போகட்டும்." அவளுக்கு என்ன சொல்ல. அவர் திரும்பி வரும்போது அது ஓடவேண்டும். இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஓடவேண்டும். அதற்குமேல் எனக்கே விளக்கத் தெரியாது. ராத்திரியானால் வேறு ஒரு பயம், அவர் இருக்கிற இன்ஜின் ரூமிலும் இப்படி ஒரு சத்தம் வந்து, அவர் சொல்லி, மேலே இருப்பவர்கள் நார்மல் சவுண்டுதான் என்று சொல்லிவிட்டால். இப்போது அந்தக் கப்பல் பிரேசிலை விட்டுக் கிளம்பிச் சிங்கப்பூருக்கு வருகிறது, நடுவில் சிக்னல் கிடையாது, அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் மெர்லின் பூமி உருண்டையில் நீலத்தில் கையை வைப்பாள், எந்த இடத்தில் வைத்தாலும் சரிதான்.

"மேடம், சார் வந்துட்டாங்க." உண்மையிலேயே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் திருநீறு, கையில் ஹெல்மெட், பெயர் சம்பந்தம் என்றார். நான் எழுந்து பேச ஆரம்பித்தேன், தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் வரிசை மாறி வந்தது, வயலினெல்லாம் வந்தது, அவர் நடுவில் பேசாமல் கேட்டார். கோமதிநாயகம், "மூணு தடவை ரோடு டெஸ்ட் எடுத்துட்டோம் சார், ஒண்ணும் இல்ல" என்றான். "ஒருத்தரா எடுத்தீங்களா, ரெண்டு பேரா?" என்று அவர் கேட்டார். அவன் கையிலிருந்த தாளைப் புரட்டினான். இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியை ஒருத்தர் கேட்டுவிட்டார். அவர் என் பக்கம் திரும்பி, "நீங்களே உக்காருங்கம்மா. சத்தம் எப்படின்னு உங்களுக்குத்தான் தெரியும். எந்த ரோட்டுல வந்ததோ அதே ரோட்டுல போவோம்" என்றார். நான் புடவையில் இருந்தேன். அதுவல்ல காரணம். இந்த ஊரில் எனக்குத் தெரியாதவர்களைவிடத் தெரிந்தவர்கள் அதிகம், கஸ்பார் பெண்டாட்டி யாரோ பின்னால் போகிறாள் என்று நான் வீடு சேருவதற்குள் மாமிக்குப் போய்விடும். அதுவும் முழுக் காரணமல்ல. அந்த இடத்தில் நான் உட்கார்ந்தது ஒரே தடவை. அதன்மேல் இன்னொன்றை வைக்க மனது வரவில்லை. "சங்கடமா இருந்தா இந்தத் தம்பியக் கூட்டிட்டுப் போறேன்மா" என்றார் அவர். தம்பி பார்ப்பான், நார்மல் சவுண்டு என்பான். "இல்ல, நானே வாரேன்" என்றேன்.

ஒரு பக்கமாக உட்கார்ந்து பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கும் எனக்கும் நடுவில் கைப்பையை வைத்தேன். வேறு முதுகு, வேறு வாசனை, விபூதியும் பெட்ரோலும். அவர் ஒன்றும் பேசாமல் ஓட்டினார், அதற்கு நன்றி சொல்லவேண்டும். முத்தையாபுரம் வந்தது. வீதியில் யாரும் என்னைப் பார்க்கவில்லை, அல்லது நான் யாரையும் பார்க்கவில்லை. முள்ளக்காடு தாண்டியது. சத்தம் வராவிட்டால் என்ன செய்வது, இத்தனை மாதமும் நான் இல்லாத ஒன்றைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன் என்றாகிவிட்டால், கஸ்பார் காதுதான் கெட்டுப்போய்விட்டதென்று ஆகிவிட்டால். இன்ஜின் ரூமில் இருந்து காது போகிறவர்கள் உண்டு. வா, என்று மனதுக்குள் சொன்னேன், பழுதைப் போய் வா என்று கூப்பிடுகிறேன். உப்பளம் ஆரம்பித்தது. உப்பு குவித்துத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். காற்று, வெள்ளை வெயில், கண்ணை மூடிக்கொண்டேன், மூடினதும் அந்த நாள் கிட்டே வந்தது, தொட்டுவிடலாம் போலக் கிட்டே, ஜெனோ இந்தத் தடவை கப்பலுக்கு நான். டொக். எனக்குக் கீழே. கண்ணைத் திறந்தேன், நானாகச் சொல்லக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். மறுபடி டொக். சம்பந்தம் கையை மெதுவாகத் தூக்கினார், வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினார், ஹெல்மெட்டைக் கழற்றினார். "கேட்டேம்மா" என்றார். "நல்லாக் கேட்டேன்."

நான் உப்பளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தேன், வெயில்தான் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும். அவர் குனிந்து பின்சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார், டார்ச் அடித்து உள்ளே பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். "பின்சக்கரத்தைத் தாங்குற ஸ்விங் ஆர்ம் உக்காருற இடத்துல வெல்டிங் சரியா விழலம்மா. பாரம் ஏறினாத்தான் வாய் பிளக்குது. ஓட்டாம வச்சிருந்தது நல்லதாப் போச்சு. யாரு கண்டுபிடிச்சது?" எங்க வீட்டுக்காரர் என்றேன், கப்பல்ல இன்ஜின் ரூம்ல இருக்காக என்றேன். அவர் தலையை ஆட்டினார். "பேசும்போது சொல்லுங்க, அவரு சொன்னதுதான் சரின்னு. வாரண்டியில முழுசா மாத்திருவோம். நான் இன்னைக்கே எழுதுறேன்." பிறகு ரோட்டைப் பார்த்தார். "மெதுவாவே திரும்பிருவோமா?" அந்த ரோடு அப்படியே போனால் பழைய காயல், அப்புறம் ஆத்துப்பாலம், திருச்செந்தூர், அதையும் தாண்டிக் கடலோரமாக மணப்பாடு. எவ்வளவு நேராகப் போகிறது. "திரும்பிருவோம்" என்றேன்.

ஷோரூமில் வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். புதுப் பாகம் ஃபேக்டரியிலிருந்து வரவேண்டும், வர நாளாகும், எத்தனை நாள் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். சண்டையில் ஜெயித்த பிறகும் வண்டி இங்கேதான் நிற்கப்போகிறது. கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கோமதிநாயகம் வெளியே போய் எங்கிருந்தோ டீ வாங்கி வந்திருந்தான். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நாங்க எப்பவும் ஒருத்தராத்தான் ஓட்டிப் பாப்போம்." ஒருத்தரா ஓட்டினாத் தெரியாது தம்பி என்றேன். அவன் கொஞ்சம் தயங்கி, சர்வீஸ் எப்படி இருந்ததுன்னு கம்பெனியில இருந்து கால் வரும், பத்துக்குப் பத்து சொல்லுங்க மேடம் என்றான். டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சரி என்றேன்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நிழலே இல்லை. தூணோரம் நின்று போனை எடுத்துக் குரலைப் பதிவு செய்கிற பொத்தானை அழுத்திப் பிடித்தேன், இப்போது போட்டால் சிக்னல் கிடைக்கிற அன்றைக்குக் கேட்பார். சத்தம் கேட்டுட்டாங்க என்றேன், நீங்க சொன்னதுதான் சரியாம், மதுரையில இருந்து வந்த சாரு சொன்னாரு, முழுசா மாத்தித் தாராங்களாம் என்றேன். மெர்லின் பல் விழுந்ததைச் சொன்னேன், மாமிக்கு முட்டு வலி பரவாயில்லை என்றேன். சொல்லவேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது, விரலை எடுக்கவில்லை. எங்கள் தெருவில் கப்பல்காரர்களைக் கட்டிக்கொண்ட எந்தப் பெண்ணும் சொல்லாத ஒரு சொல் உண்டு. நினைத்தாலும் இறங்க முடியாத மனுசனிடம் அதைச் சொன்னால் அவர் அங்கே எப்படி வேலைபார்ப்பார், எப்படித் தூங்குவார். சாப்பிட்டீங்களா என்போம், உடம்பைப் பாத்துக்கிடுங்க என்போம். பதினோரு வருஷமாக நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். பஸ் வருவது தூரத்தில் தெரிந்தது, பக்கத்தில் நின்றவர்கள் பையைத் தூக்கினார்கள். போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனேன்.

"வாங்க" என்றேன், விரலை எடுத்தேன்.